ஈர்வாள் முதல் சங்கிலி இரம்பம் வரை



பத்தாண்டுகளாக இந்த வட்டத்தில் ஆண்டாளையும் பெரியாழ்வாரையும் சங்கச் சான்றோரையும் பேசி மகிழ்ந்திருக்கிறோம். நிறைவு விழாவில் "பழைய இரம்பங்களைச் சேர்த்து வைப்பது பற்றிப் பேசுகிறேன்" என்று நான் சொன்னபோது செயலாளர் திகைத்தார். "அம்மா, மரம் நடுவதைப் பற்றியல்லவா பேச வேண்டும்?" என்று கேட்டார். அவருடைய திகைப்பு நியாயமானதே. செண்பக மரத்தால் பெயர் பெற்ற தோப்பு நம் ஊருக்கு மேற்கே இருக்கிறது. காட்டழகர் எழுந்தருளியிருக்கும் மலை அது. சாம்பல் நிற அணிலுக்காக 1988இல் சரணாலயமாகி, 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. அந்த மலையடிவாரத்தில் நின்றுகொண்டு மரம் அறுக்கும் கருவியைப் போற்றுவது தகுமா? இந்த வினாவுக்கு விடை தேடுவதே என் உரையின் நோக்கம்.

என் தாய்மாமா மரம் அறுக்கும் தொழிலாளி. அடிவாரத் தோப்புகளில் பட்டுப்போன மாமரத்தையும் புளியமரத்தையும் விலைக்கு வாங்குவோர் அவரை அழைப்பார்கள். குழி வெட்டி, அதன்மேல் மரத்தைக் கிடத்தி, மேலே ஒருவரும் குழிக்குள் ஒருவருமாக நின்று நீண்ட இரம்பத்தை இழுப்பார்கள். "மேலே நிற்கிறவனுக்குக் கோடு தெரியும், கீழே நிற்கிறவனுக்குத் தூள்தான் தெரியும்" என்பார் மாமா. அவர் இளமையில் பல ஆண்டுகள் கீழே நின்றவர். பிற்காலத்தில் மிஷின் இரம்பம் வந்தபோது அதையும் கற்றுக்கொண்டார். ஆனால் பழைய இரம்பத்துக்கு அரம் போட்டு, எண்ணெய் தடவிச் சுவரில் மாட்டுவதை அவர் நிறுத்தவே இல்லை.

அவர் மறைந்த பின் 2014இல் அத்தை தொலைபேசியில் கேட்டார்: "பழைய இரும்பு நிறையக் கிடக்கு. உனக்கு ஏதாவது வேணுமா தாயி?" விடைத்தாள் திருத்தும் அவசரத்தில் இருந்த நான், "எனக்கு எதற்கு அத்தை, கடையில் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டேன். இரும்புக் கடைக்காரர் எடை போட்டு எடுத்துச் சென்றார்.

மூன்றாண்டுகள் கழித்து அந்தமானுக்குச் சென்றபோது, போர்ட் பிளேயரை அடுத்த சாத்தம் தீவின் மர அறுவை ஆலையைப் பார்த்தேன். 1883இல் நிறுவப்பட்டு, இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு இலக்கான ஆலை அது. குண்டு விழுந்த பள்ளத்தை இன்றும் காட்டுகிறார்கள். அங்கே காட்சிக்கு வைத்திருந்த பழைய கருவிகளின் முன் நெடுநேரம் நின்றேன். பிறர் மதித்துக் காப்பாற்றியதை நான் எடைக்குப் போட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மேலை நாடுகளில் பழைய சங்கிலி இரம்பங்களைத் தேடிச் சேர்ப்பதையே வாழ்நாள் விருப்பமாகக் கொண்டவர்கள் உண்டு. துருவை நீக்கி, பழுது பார்த்து, எந்திரம் மீண்டும் முழங்கும் ஓசையைக் கேட்டு மகிழ்கிறார்கள். அத்தகைய சேகரிப்பை ஆண்டு வரிசையில் அடுக்கினால் ஒரு வரலாறு புலப்படும். தொடக்கம் காட்டில் அன்று, மருத்துவமனையில்! எலும்பை அறுப்பதற்காக 1830 வாக்கில் ஜெர்மானியரான பெர்னார்டு ஹைனெ சங்கிலிப் பல் கொண்ட கைக்கருவி ஒன்றைச் செய்தார். 1926இல் ஆந்திரேயாஸ் ஸ்டீல் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி இரம்பத்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டு எமில் லெர்ப் தம் பெட்ரோல் இரம்பத்தைத் துரிங்கியா மாநிலத்தின் தோல்மார் மலையில் சோதித்து, மலையின் பெயரையே அதற்குச் சூட்டினார். இவை இருவர் தூக்க வேண்டிய பளுவான கருவிகள். 1950இல் ஒருவரே கையாளத்தக்க பெட்ரோல் இரம்பத்தை ஸ்டீல் நிறுவனம் வெளியிட்டது. சுவீடனின் ஹஸ்க்வர்னா 1959இல் இத்துறையில் நுழைந்தது. 17ஆம் நூற்றாண்டில் துப்பாக்கி செய்யத் தொடங்கிய நிறுவனம் அது!

இவ்வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்தவர் அமெரிக்கரான ஜோசப் காக்ஸ். மரத்தைத் துளைக்கும் வண்டின் புழு, தன் தாடைகளை இடமும் வலமும் அசைத்து எளிதாக அறுப்பதை அவர் கண்டார். அதைப் பின்பற்றிச் சங்கிலிக்குப் புதிய பல் அமைத்து, 1947இல் தொழில் தொடங்கினார். இன்றைய சங்கிலிகளும் பெரும்பாலும் அவ்வமைப்பின் வழிவந்தவையே.

அன்பர்களே, இந்த வரிசை புலப்படுத்துவது என்ன? ஒரு மரம் விழும் நேரம் எப்படிக் குறைந்தது என்பதைத்தான். ஈர்வாளால் அரை நாள் அறுத்தவனுக்கு இளைப்பாறவும், நிமிர்ந்து மரத்தைப் பார்க்கவும் நேரம் இருந்தது. எந்திரம் அந்த வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. கூடலூர்ப் பகுதிக் காடுகள் அழிவது கண்டு நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 12 அன்று, முறையான செயல்திட்டம் இன்றிக் காட்டு மரங்களை வெட்டுவதற்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. கருவியின் வேகத்துக்குச் சட்டம்தான் கடிவாளம் போட வேண்டியிருந்தது. கிளைக்குக் கிளை தாவி வாழும் சாம்பல் நிற அணிலுக்கு, நடுவில் ஒரு மரம் விழுந்தாலும் பாதை அறுந்துவிடும் அல்லவா?

வள்ளுவர் நிலையாமை அதிகாரத்தில், நாள் என்பதை உயிரை அறுத்துச் செல்லும் வாளாகக் காட்டுகிறார். அதைப் போர்வாளாக அன்றி ஈர்வாளாகவே நான் கொள்கிறேன். ஒரே வீச்சில் முடிப்பதன்று அது. முன்னும் பின்னும் போய்வந்து, தூள் தூளாக உதிர்ப்பது. இந்தக் குறளை நான் இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்துகிறேன். ஆயினும் மாமாவின் இரம்பத்தை ஒருமுறையேனும் இழுத்துப் பார்த்ததில்லை. ஈர்வாள், கரபத்திரம் என்று அகராதிச் சொற்களை அடுக்குவேன். இரம்பத்தின் உறுப்புகளுக்கும் பல்லைச் சாய்த்து வைக்கும் முறைகளுக்கும் மாமா சொன்ன பெயர்களோ எனக்கு நினைவில் இல்லை. சங்க இலக்கியத் தாவரப் பெயர்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்ற நான், அம்மரங்களை அறுத்த கைகள் பேசிய தமிழைக் குறித்துக்கொள்ளவில்லை. இரும்போடு அந்தச் சொற்களும் எடைக்குப் போய்விட்டன.

ஆகவே செயலாளருக்கு என் விடை இது: பழைய இரம்பத்தைப் பாதுகாப்பது மரம் வெட்டுவதைப் போற்றுவது ஆகாது. சுவரில் மாட்டிய இரம்பம் எந்த மரத்தையும் அறுப்பதில்லை. குழிக்குள் நின்று கண்ணில் தூள் விழ உழைத்தவனுக்கும், விழுந்த மரத்துக்கும் அது ஒருசேரச் சாட்சி. கோயம்புத்தூரில் காஸ் வன அருங்காட்சியகம் 1902இல் தோன்றியது. அத்தகைய பெருமுயற்சி நம்மால் இயலாது போகலாம். ஆயினும் இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் தச்சர் வீடுகளிலும் மரக்கடைகளிலும் கிடக்கும் கருவிகளை இந்த வட்டம் கேட்டுப் பெறலாம். ஒவ்வொன்றின் அருகிலும் அதைப் பிடித்தவர் வழங்கிய பெயரை, அவர் சொன்னபடியே எழுதி வைக்கலாம். செண்பகத்தோப்பில் வாழும் பளியர் முதியோரிடம் மரங்களின் பெயர்களையும் கேட்டு எழுதலாம்.

பதினொன்றாம் ஆண்டின் முதல் பணியாக இதை ஏற்க வேண்டுகிறேன். அத்தையின் வீட்டுச் சுவரில் இரம்பம் மாட்டியிருந்த ஆணி இன்னும் இருக்கிறது. உங்கள் வீட்டு ஆணிகளேனும் வெறுமையாகாமல் இருக்கட்டும்.