பணி நிரந்தரமே பெண் ஆசிரியருக்குப் பாதுகாப்பு
(புத்தூர் அரங்கக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



அருகிலுள்ள திருப்பதியில் 1983-ஆம் ஆண்டு ஸ்ரீபத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. பெண்களின் உயர்கல்விக்கு அது வாயிலைத் திறந்தது. ஆனால் பட்டம் பெற்ற பெண் ஆசிரியப் பணியில் நீடித்து உயர, நிறுவனத்தின் துணை வேண்டும்.

பல்கலைக்கழக மானியக்குழுவின் 2016-ஆம் ஆண்டு விதிகள், ஆய்வு மாணவியருக்கு 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும், முனைவர் பட்ட ஆய்வை முடிக்க ஈராண்டு கூடுதல் அவகாசமும் அளித்தன. 2017-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், முதல் இரு குழந்தைகளுக்கு ஊதியத்துடன் 26 வார விடுப்பை உறுதிசெய்தது. 50 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது.

எனினும், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தை நம்பி வாழும் விரிவுரையாளர், விடுப்புக் கேட்டால் வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறார். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் மகப்பேறு பயன்களை மறுக்கக் கூடாது என்று, ஒப்பந்த மருத்துவர் ஒருவரின் வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு விடுப்புக்கால ஊதியத்தைக் காக்கும், பணியைக் காக்காது.

ஆகவே காலிப் பணியிடங்களில் நிரந்தர நியமனம், வளாகந்தோறும் குழந்தைகள் காப்பகம் என்னும் கோரிக்கைகளை முன்வைத்து ஆசிரியர் சங்கங்களும் மாதர் இயக்கமும் ஒன்றுபட்டுப் போராட வேண்டும்.