வைக்கோலில் இருக்கும் சர்க்கரை: விலை யாருக்கு?

(விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் ஒரு பகுதி)



வைக்கோலுக்குள்ள சர்க்கரை இருக்குன்னு சொன்னா சிரிப்பீங்க. ஆனா உண்மை. வைக்கோல் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு செல்லுலோஸ். குளுக்கோஸ் ஒன்னோட ஒன்னு சங்கிலியா கோத்து நிக்கிறதுதான் செல்லுலோஸ். மாட்டு வயித்துல இருக்கிற நுண்ணுயிர்களுக்கு அந்தச் சங்கிலியை அறுக்கத் தெரியும். நம்ம வயித்துக்குத் தெரியாது.

ஆலையிலும் அதே வேலைதான் நடக்குது. வைக்கோலை நறுக்கி, நீர்த்த அமிலமும் நீராவியும் கொடுத்து வேக வைப்பாங்க. செல்லுலோஸை இறுக்கிப் பிடிச்சிருக்கிற லிக்னின் அப்போ பிடி தளரும். பிறகு நொதிகள் போய் சங்கிலியை வெட்டி குளுக்கோஸ் ஆக்கும். ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வெச்சா எத்தனால். மிஞ்சின லிக்னின் கொதிகலனுக்கு எரிபொருள்.

இந்த நொதியைக் கொடுக்கிறது ஒரு பூஞ்சை. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரங்களை அரித்த அதே பூஞ்சை!

ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து இப்படி ஓர் ஆலை கட்டியது. 2022 ஆகஸ்ட் 10-ல் திறந்தார்கள். ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது அறிவித்த இலக்கு. அதாவது டன்னுக்கு 150 லிட்டர்.

வேலை சுலபமில்லை. நொதி விலை அதிகம். வைக்கோலில் உள்ள சிலிக்கா இயந்திரத்தைத் தேய்க்கும். சைலோஸ் என்ற இன்னொரு சர்க்கரையைச் சாதாரண ஈஸ்ட் தொடாது. அறுவடை சில வாரம்தான், ஆலை ஓடுறதோ வருஷம் முழுக்க. அதுவரை வைக்கோலை நனையாம யார் காப்பாத்துறது?

நாளைக்கு நம்ம டெல்டாவுக்கும் இப்படி ஓர் ஆலை வரலாம். வரட்டும். ஆனா மூணு கேள்வி கேட்போம்.

ஒன்று, மாட்டுக்குப் போக மிச்சம்தானே ஆலைக்கு? வைக்கோல் விலை ஏறினா முதல்ல அடி வாங்குறது ரெண்டு கறவை மாடு வெச்சிருக்கிற நிலமில்லாத தாய்.

இரண்டு, நெற்பயிர் எடுக்கிற பொட்டாசியத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் இருக்கு. அது வயலை விட்டுப் போனா, உரச் செலவு யார் தலையில்?

மூன்று, டன்னுக்கு என்ன விலை? எழுத்துல குடுங்க. கட்டு கட்டுற இயந்திரமும் கிடங்கும் தரகர் கையில போகாம, விவசாயிகளோட கூட்டுறவு கையில இருக்கணும்.

வைக்கோலும் விளைச்சல்தான். விளைச்சல்னா விலை வேணும்.



உங்க ஊர்ல இப்போ வைக்கோல் கட்டு என்ன விலை போகுது? கமெண்ட்டில் சொல்லுங்கள். பகிருங்கள்.