பயணப் பொதியில் எந்த வில்லை?

புகைப்படக் கருவியோடு நெடும்பயணம் புறப்படுவோனுக்கு முதல்நாள் இரவு உறக்கம் வருதல் அரிது. கட்டிலின்மேல் வில்லைகள் வரிசையாகக் கிடக்கின்றன. பரந்த காட்சியை அடக்க ஒன்று. மனிதர் முகத்துக்கு ஒன்று. மர உச்சியில் அமரும் பறவைக்கு முழங்கை நீளத்தில் இன்னொன்று. எல்லாவற்றையும் சுமந்தால் தோள் தாங்காது. ஒன்றை விட்டுச் சென்றாலோ, விட்டது எதுவோ அதுவே வழியில் வேண்டியிருக்கும் என்ற அச்சம் மனத்தை அரிக்கும்.

வில்லையின் குணம் அதன் குவியத் தூரத்தைப் பொறுத்தது. 36 மில்லிமீற்றருக்கு 24 மில்லிமீற்றர் அளவிற் படம் பிடிக்கும் கமராவில், 50 மில்லிமீற்றர் வில்லை ஏறக்குறையக் கண் காணும் இயல்பான தோற்றத்தையே தரும். அது 24 அல்லது 28 ஆயின் காட்சி விரியும். ஒடுங்கிய வீதியில் நின்றபடியே கோயிற் கோபுரத்தை அடிமுதல் முடிவரை அடக்கிவிடலாம். ஆனால் கமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னே சாய்வதுபோலத் தோன்றும். 200ஐக் கடந்தாலோ, தூரத்துப் பொருள் அருகே வரும்; கைநடுக்கமும் உடன் பெருகும். குவியத் தூரத்தை வேண்டியவாறு மாற்றும் வில்லைகள் இக்காலத்தில் மலிந்துள்ளன. 24 முதல் 70 வரை ஒரே குழலுள் அடங்கிவிடுகின்றது. ஆயினும் கட்டிலின்மேற் கிடக்கும் குவியல் குறைந்ததாகத் தெரியவில்லை.

பிரான்சு நாட்டுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிறெசோன் (1908–2004) தம் வாழ்நாட் படங்களிற் பெரும்பாலானவற்றை 50 மில்லிமீற்றர் வில்லை ஒன்றினாலேயே எடுத்தார். அவரைச் சான்று காட்டுவோர் பலர். அவர் தாமே விரும்பிக் குறைத்துக்கொண்டவர் என்பதை நேயர்கள் மறத்தலாகாது. குறைத்தே தீரவேண்டிய நிலை வந்தால் ஒருவன் எதைக் கையில் எடுப்பான்? இதற்கு அவுஸ்திரேலியரான பிராங்க் ஹேர்லியின் கதையினும் தக்க விடை கிடைப்பது அரிது.

1914ஆம் ஆண்டில், அந்தாட்டிக்காக் கண்டத்தைக் குறுக்கே கடக்கும் நோக்கத்தோடு சேர் ஏர்னஸ்ட் ஷாக்கிள்டன் ஒரு குழுவைத் திரட்டினார். ஹேர்லி அதன் புகைப்படக்காரர். 1885இற் சிட்னியிற் பிறந்தவர். கனத்த தகட்டுக் கமராக்கள், பல்வகை வில்லைகள், சலனப்படக் கருவி, பெட்டி பெட்டியாகக் கண்ணாடித் தகடுகள் என்று அவர் கொண்டுசென்ற பொதி பெரிது. கப்பலே சுமந்தது, ஆகையால் எதை விடுவது என்ற கேள்வி அப்பொழுது எழவில்லை.

‘என்டியூரன்ஸ்’ என்னும் அக்கப்பல் 1914 டிசம்பர் 5ஆந் திகதி தென் ஜோர்ஜியாத் தீவை விட்டுப் புறப்பட்டது. 1915 சனவரியில் வெடல் கடலின் பனிக்கட்டிகள் அதனைச் சிறைப்பிடித்தன. மாதக்கணக்காக அசையாது நின்ற கப்பலை ஹேர்லி விதவிதமாகப் படம் பிடித்தார். ஆகஸ்ட் மாதத்து இருள்மிக்க இரவொன்றில், பனித்திட்டுகளின் மறைவில் ஏறக்குறைய இருபது இடங்களில் ஒளித்தூளைக் கொளுத்தி, கப்பல் முழுவதையும் வெள்ளொளியில் நிறுத்தினார். அடுத்தடுத்து எழுந்த ஒளியினாற் கண் கூசி, திசை தெரியாது பனிமேடுகளில் முட்டி மோதியே அவர் அந்த வேலையை முடித்தார்.

பனியின் நெருக்குதலாற் கப்பல் நொறுங்கவே, ஒக்டோபர் 27ஆந் திகதி அனைவரும் அதனைக் கைவிட்டுப் பனித்தரையில் இறங்கினர். படங்களோ கப்பலின் உள்ளே, நீரில் மூழ்கிக் கிடந்தன. சில நாட்களின்பின் ஹேர்லி மரச்சுவரை வெட்டித் திறந்து, மேலாடையைக் களைந்து, பனிக்குழம்பாய் நின்ற நீரிற் பாய்ந்து, ஈயம் பற்றவைத்து மூடிய தகரப் பெட்டிகளை வெளியே கொணர்ந்தார். தகடுகள் பழுதின்றி இருந்தன.

உண்மையான தேர்வு அதன்பின்னரே வந்தது. 28 பேரும் சிறு படகுகளிற் செல்லவேண்டியவர்கள். தனிப்பொருளாக ஒருவர் 2 இறாத்தல் மட்டுமே கொண்டுபோகலாம் என்பது தலைவரின் கட்டளை. அவர் தம் பொற்காசுகளையே பனியில் எறிந்து வழிகாட்டியவர். ஆயினும் படங்களை அடியோடு கைவிட அவருக்கும் இயலாது; பயணத்துக்குப் பணம் திரட்டும்போதே அவற்றின் உரிமை விற்கப்பட்டிருந்தது. ஆகவே இருவரும் பனியில் அமர்ந்து, ஐந்நூறுக்கு மேற்பட்ட தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தனர். ஏறக்குறைய 120 தேறின. 400 வரையில் விலக்கப்பட்டன. விலக்கிய தகட்டை ஹேர்லி அங்கேயே உடைத்தார். அடுக்கி வைத்தால் மனம் மாறும்; மீண்டும் ஒன்றைப் பொறுக்கத் தோன்றும். தன் மனத்தின் வலிமையை நம்பாத இச்செயல், பார்க்குந்தோறும் வியப்பளிப்பது.

பெரிய கமராக்களும் அவற்றின் வில்லைகளும் பனியிலேயே விடப்பட்டன. எடுத்து முடித்த சலனப்படச் சுருளும், வண்ணத் தகடுகள் சிலவும், முன்னரே அச்சிட்ட படங்களின் தொகுப்பு ஒன்றும் உடன் வந்தன. இனிப் படம் எடுப்பதற்கென ஹேர்லி வைத்துக்கொண்டவை சட்டைப் பையில் அடங்கும் கொடாக் கமரா ஒன்றும் படச்சுருள் மூன்றுமே. 1915 நவம்பரிலிருந்து 1916 ஆகஸ்ட் 30இற் சில்லி நாட்டுக் கப்பலான ‘யெல்ச்சோ’ யானைத் தீவுக்கு வந்து மீட்கும்வரை, ஒன்பது மாதங்களுக்கு மேலாக அவ்வளவே. அவருடைய பெருந்தகடுகளில் விளங்கும் நுணுக்கம் அச்சிறு படங்களில் இல்லை. ஆனால் கவிழ்த்த படகுகளின் கீழ் 22 பேர் வாழ்ந்த தீவை உலகம் கண்டது அவற்றின் மூலமே.

ஹேர்லியிடம் குறை இல்லாமல் இல்லை. ஷாக்கிள்டனின் படகு உதவி தேடிப் புறப்பட்ட காட்சியைத் திருத்தி, மீட்புப் படகு வரும் காட்சியாக அவர் வெளியிட்டதுண்டு. 1917இற் போர்க்களப் படங்களையும் ஒன்றோடொன்று ஒட்டியமையால் அதிகாரிகளோடு பிணங்கினார். தம் சலனப்படத்துக்கு விலங்குகளும் பறவைகளும் போதாவெனக் கண்டு, அவ்வாண்டே மீண்டும் தென் ஜோர்ஜியாவுக்குச் சென்று படம்பிடித்து வந்தார். அம்முறை அவர் பொதியில் நீண்ட குவியத் தூர வில்லைகளுக்கு இடமிருந்திருக்கும்.

பனியிற் பிழைத்த கண்ணாடித் தகடுகள் இன்று இலண்டனில் அரச புவியியற் கழகத்திலும், வண்ணத் தகடுகள் சிட்னியிலுள்ள மாநில நூலகத்திலும் பேணப்படுகின்றன. கப்பலை 2022 மார்ச் 5ஆந் திகதி 3,008 மீற்றர் ஆழத்திற் கண்டுபிடித்தனர். ஆழ்கடற் கமராவில் அதன் பின்புறத்துப் பெயரெழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன.