கரைவழிச் செலவு



'செலவு' என்னும் சொல்லுக்குப் பயணம் என்ற பொருளும் உண்டென்பதைப் புலவர் அறிவர். வரவும் செலவுமாகக் கணக்கேடு புரளும் திருப்பூர் ராயபுரத்தில் அதைச் சொன்னால் சிரிப்புத்தான் மிஞ்சும். பாவேந்தர் பாரதிதாசன் அப்பழைய பொருளிலேயே 'மாவலிபுரச் செலவு' என்று தம் பாட்டுக்குப் பெயரிட்டார். 1934ஆம் ஆண்டின் ஒரு நிலா இரவில், ஜீவானந்தம், குத்தூசி குருசாமி, மயிலை சீனி. வேங்கடசாமி முதலிய தோழர்களுடன் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குக் கால்வாய்வழியே படகில் சென்றபோது பிறந்த பாட்டு அது.

அந்தப் பக்கிங்காம் கால்வாய் உல்லாசத்துக்காக வெட்டப்பட்டதன்று. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய நீர்வழி, பின்னர் வடக்கே பெத்தகஞ்சம் முதல் தெற்கே மரக்காணம் வரை நீண்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை 1877–78இல் தோண்டியவர்கள், தாது வருடப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியற்று வந்த மக்கள். விறகும் உப்பும் ஏற்றிய தோணிகள் அதில் ஓடின. காற்று துணைநின்றால் பாய் விரிப்பர். இல்லையேல் கழி ஊன்றுவர். அதுவும் போதாதபோது ஆட்கள் கரையிலிறங்கி, வடத்தைத் தோளில் போட்டுத் தோணியை இழுத்தபடி நடப்பர். இங்கிலாந்தில் குதிரை இழுத்த சுமையை இங்கே மனிதன் இழுத்தான். கால்வாய்க் கரைப்பாதை அவன் பாதம் தேய்த்த பாதை.

இங்கிலாந்தின் அக்குதிரைப் பாதைகளில் இன்று மக்கள் உலாவுகின்றனர், மிதிவண்டி ஓட்டுகின்றனர், தூண்டிலிட்டு வாளாவிருக்கின்றனர். சுமை போனபின் கரை பொதுமக்களின் ஓய்விடமாயிற்று. சென்னையிலோ 1965–66ஆம் ஆண்டுகளின் புயல்களுக்குப் பின் படகுப் போக்குவரத்துத் தளர்ந்தது, கழிவுநீர் புகுந்தது, நீரிலேயே பறக்கும் ரயிலின் தூண்கள் எழுந்தன. வடம் இழுத்தவனின் பேரனுக்கு அக்கரையில் காலாற நடக்கும் பேறு கிட்டவில்லை.

கொங்கு நாட்டிலும் ஒரு பழங்கால்வாய் உண்டு. பவானியில் தொடங்கி நொய்யலைத் தொடும் காலிங்கராயன் வாய்க்கால் 1283இல் முடிந்தது என்பர். பாம்பு போன வழியே வெட்டியதால்தான் அத்தனை வளைவு என்பது கதை. மேட்டு நிலத்துக்கும் நீர் ஏற வேண்டுமாயின் தரையின் வாட்டத்தைத் தழுவித்தான் போக வேண்டும். பாம்பும் அதை அறிந்திருக்கும் போலும்! வெட்டுவித்த காலிங்கராயர், அந்நீரைத் தாமும் தம் வழியினரும் துய்ப்பதில்லை என உறுதிபூண்டு ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்தாராம். வெண்ணெய்க்குப் பெயர்போன ஊத்துக்குளி அன்று, பொள்ளாச்சிப் பக்கத்தது. உழைத்தவரே துய்க்காமல் விலகுவது அவருக்குத் துறவு. அது அவர் விரும்பி ஏற்றது.

ராயபுரத்துத் தொழிலாளிக்கு அவ்விருப்பத்தை யார் கேட்டார்? ஓவர்லாக் பொறியின் முன் ஒன்றரை ஷிப்ட் குனிந்திருப்பவர், சனிக்கிழமைச் சம்பளம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை தலைநிமிர்கிறார். ஊர் நடுவே ஓர் ஆறு இருக்கிறது. ஆயினும் நொய்யற் கரைக்கு உலாப் போவோம் என்று மனைவி மக்களை அழைக்க அவருக்கு நா எழுவதில்லை. உலகுக்கெல்லாம் வண்ணச் சட்டை கொடுத்த சாயம் அந்த ஆற்றில்தான் இறங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபோது, நீருக்காக அழுதவரும் கூலிக்காக அழுதவரும் ஒரே வீட்டில் இருந்தனர். நொய்யலுக்கு இரங்கற்பா பாடாத கவிஞர் இவ்வட்டாரத்தில் அரியர். அவற்றுள் இந்த இரண்டாம் அழுகையைக் கேட்ட பாக்கள் மிகச் சிலவே.

நகரின் வடபுறத்தில் நஞ்சராயன் குளம் இருக்கிறது. 2022இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துக்கூடக் குளிர்காலத்தில் அங்கே இறங்குகிறது. ராயபுரத்திலிருந்து மிதிவண்டியிலேயே சென்றுவிடலாம். ஞாயிறு காலையில் ஷிப்ட் இல்லாதிருந்தால்.