எந்தக் காலி?



ராத்திரி மொட்டைமாடியில் படுத்திருக்கும்போது, தலைக்கு மேலே ஒரு விமானம் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு போகும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று, ஏறக்குறைய அதே கோட்டில் போகும். அங்கே தண்டவாளமும் இல்லை, மைல்கல்லும் இல்லை. பிறகு எப்படி வழி தெரிகிறது?

தரையில் நாம் என்ன சொல்வோம்? "புளியமரத்தைத் தாண்டி, பிள்ளையார் கோயிலில் இடது கைப் பக்கம் திரும்புங்க" என்போம். வானத்தில் புளியமரம் கிடையாது. 1920களில் அமெரிக்கத் தபால் விமானங்களுக்காகத் தரையிலேயே கான்கிரீட் அம்புக்குறி போட்டு, விளக்குக் கோபுரம் நட்டார்கள். பிறகு ரேடியோ அலை அனுப்பும் நிலையங்கள் வந்தன. விமானம் ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்குப் போனது. கணினியும் செயற்கைக்கோளும் வந்தபின் தரையில் எதுவுமே தேவைப்படவில்லை. அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் போதும், நடுக்கடலுக்கு மேலேகூட ஒரு புள்ளி வைத்துவிடலாம். இதைத்தான் விமானிகள் 'வேபாயிண்ட்' என்கிறார்கள். நாம் வழிப்புள்ளி என்று சொல்லலாம்.

ஆனால், இத்தனை டிகிரி, இத்தனை நிமிடம் என்று ரேடியோவில் ஒப்பித்துக்கொண்டிருந்தால் எங்கேயாவது ஓர் எண் தவறிப்போகும். அதனால் புள்ளிக்குப் பெயர் வைத்தார்கள். ஐந்து ஆங்கில எழுத்து, வாயில் நுழைய வேண்டும். அர்த்தம் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. சில இடங்களில் குறும்பும் உண்டு. சுட்ட இறைச்சிக்குப் பேர்போன அமெரிக்க ஊர் கான்சாஸ் சிட்டி. அங்கே இறங்கும் வழியில் 'ஸ்பைசி', 'ஸ்மோக்', 'ரிப்ஸ்' என்று புள்ளிகளுக்குப் பெயர் வைத்தார்கள்! ஒரே விதிதான் கண்டிப்பானது: ஓர் ஐந்தெழுத்துப் பெயர் உலகத்தில் ஒரே இடத்துக்குத்தான்.

விமானி இந்தப் பெயர்களை வரிசையாகக் கணினியில் ஏற்றுவார். விமானம் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போகும். பெரும்பாலும் புள்ளி வருவதற்குச் சற்று முன்பே வளைந்து, அடுத்த பாதையில் சேர்ந்துகொள்ளும். சில புள்ளிகளை மட்டும் நேர் மேலே கடந்த பிறகுதான் திரும்ப வேண்டும்.

பெயரில் இவ்வளவு கறார் எதற்கு? 1995 டிசம்பர் 20 இரவு. மயாமியிலிருந்து ஓர் அமெரிக்க விமானம் காலி நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இலங்கையில் இருக்கும் காலி இல்லை, தென் அமெரிக்காவில், கொலம்பியா நாட்டுக் காலி. பாருங்கள், பெயரைச் சொன்னதுமே எந்த ஊர் என்று விளக்க வேண்டியிருக்கிறது!

இரண்டு பக்கமும் மலை, நடுவே பள்ளத்தாக்கு. கடைசி நேரத்தில் வழி மாறியதால் விமானி அறையில் அவசரம். 'ரோஸோ' என்ற ரேடியோ நிலையத்தை நோக்கிப் போக வேண்டும். வரைபடத்தில் அதன் அடையாளம் 'ஆர்' என்ற ஒரே எழுத்து. விமானி அதைத் தட்டினார். ரேடியோ நிலையங்களின் குறும்பெயர் தூரத்து ஊர்களில் திரும்ப வரலாம். கணினிப் பட்டியலில் முதலில் நின்றது 'ரோமியோ' என்ற வேறொரு நிலையம். அது 200 கிலோமீட்டருக்கும் அப்பால், பொகோட்டா பக்கம் இருந்தது. கணினி சொன்ன வேலையைச் செய்தது. விமானம் இடதுபுறம், மலையை நோக்கித் திரும்பியது. தவறு புரிந்து வலதுபக்கம் திருப்புவதற்குள் பள்ளத்தாக்கை விட்டு வெளியே வந்திருந்தார்கள். விமானம் மலையில் மோதியது. விமானத்தில் இருந்த 163 பேரில் பிழைத்தவர்கள் 4 பேர்.

அதனால்தான், கணினியில் ஒரு பெயரைத் தட்டியதும், எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று திரையில் பார்த்து, பக்கத்து விமானியும் சரி என்று சொன்ன பிறகே உறுதிசெய்ய வேண்டும் என்று விமானிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

நம் ஊருக்குப் புதிதாக ஒருவர் வந்து, "முருகன் வீடு எது?" என்று கேட்டால், பெட்டிக்கடைக்காரர் உடனே கையை நீட்டிவிட மாட்டார். "எந்த முருகன்? யார் வீட்டுப் பிள்ளை?" என்பார். அன்றிரவு அந்த விமானத்தில் கேட்காமல் விட்டது அந்த ஒரு கேள்வியைத்தான்.