காரின் பிரேக்கும் மலை வழியும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசையும் நாடகமும் நிறைந்த இவ்விழாவில் காரின் பிரேக்கைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் மும்பையில் வாழும் நம்மவர் பலர் மே விடுமுறையில் குடும்பத்தோடு காரில் மகாபலேசுவரத்திற்கோ, புணே வழியாகத் தமிழகத்திற்கோ செல்கின்றனர். திரும்பும்போது சகியாத்திரி மலையை இறங்கியே வீடு சேர வேண்டும். ஏறுகையில் என்ஜின் உழைக்கிறது. இறங்குகையில் பிரேக் உழைக்கிறது. என்ஜின் பழுதுற்றால் வண்டி நின்றுவிடும். பிரேக் பழுதுற்றால் நில்லாது.

நமது கால் நேரே சக்கரத்தைப் பிடிப்பதில்லை. மூடிய குழாய்களில் நிறைந்துள்ள பிரேக் ஆயிலே காலின் விசையை நான்கு சக்கரங்களுக்கும் கொண்டு செல்கிறது. அங்கே பேடுகள் டிஸ்கை இறுகப் பற்ற, வண்டியின் ஓட்டம் வெப்பமாக மாறுகிறது. வேகம் இருமடங்கானால் அவ்வெப்பம் நான்கு மடங்கு.

பேடு தேயும் என்பதைப் பலரும் அறிவர். புதியது ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும். 3 மில்லிமீட்டர் ஆனதும் மாற்றிவிட வேண்டும். பல வண்டிகளில் தேய்ந்த பேடு கீச்சென்று ஒலித்துத் தானே சொல்லிவிடும். (மழைநாளில், இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் எழுப்பும் சிறு உராய்வொலி வேறு, அது டிஸ்கில் படிந்த துரு. நாலைந்து முறை மிதித்தால் அகலும்.) ஓசையின்றிக் கெடுவது ஆயில்தான். அதைப் பற்றியே நாம் சிறப்பாகச் சொல்ல விரும்புகிறோம்.

இவ்வாயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நம் மும்பையின் மழைக்காலத்தில் கேட்க வேண்டுவதில்லை. டாட் 4 என்னும் வகை, புதியதாயின் 230 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது விதி. நூற்றுக்கு 3.7 பங்கு நீர் கலந்தபின் அதற்கு விதித்துள்ள எல்லையோ 155 டிகிரியே. பஞ்ச்கனியிலிருந்து வாயி நகருக்குப் பசரணி காட் வழியே, பிரேக்கை ஓயாது மிதித்துக்கொண்டே இறங்குவதாகக் கொள்ளுங்கள். சக்கரத்தருகே வெப்பம் ஏறும்; பழைய ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் தோன்றும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் பஞ்சுபோல் அடிவரை செல்லும், வண்டி நிற்காது. காலையில் வீட்டு வாசலில் நன்றாகப் பிடித்த அதே பிரேக்தான்!

ஆகவே, வண்டியின் கையேடு வேறு காலம் குறித்திருந்தாலன்றி, ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஈராண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதும் மாற்றுதல் வேண்டும். குறைந்ததை ஊற்றி நிரப்புவது மாற்றுவதாகாது. ஏன் குறைந்தது? பேடு தேய்ந்திருக்கலாம், எங்கேனும் கசியலாம். காரணம் காணாமல் நிரப்புவது நோயை மறைப்பதாகும். திறந்து பல மாதங்களான டப்பாவில் எஞ்சியதையும் ஊற்ற வேண்டா. சிக்கனத்திற்கு வேறு இடம் உண்டு.

ஒரு சோதனைக்கு மெக்கானிக் தேவையில்லை. நின்ற வண்டியில் என்ஜினை ஓடவிட்டுப் பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அது மெல்ல மெல்லக் கீழிறங்கினால் பயணத்தை ஒத்திவையுங்கள்.

இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வந்தால் என்ஜினே வண்டியைப் பாதி தடுத்துவிடும். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டுவதும், என்ஜினையே நிறுத்திவிடுவதும் பெருந்தீங்கு. என்ஜின் நின்றால் பிரேக்கிற்குத் துணை செய்யும் பூஸ்டரின் வலு ஓரிரு மிதியில் தீரும், பெடல் கல்லாகும்.

நம் மூத்தோர் பலர் அம்பாசடரிலும் பியட்டிலும் ஓட்டக் கற்றவர்கள். வழுக்கும் சாலையில் விட்டுவிட்டு மிதிக்க வேண்டும் என்பது அந்நாளைய பாடம். அவ்வண்டிக்கு நல்ல பாடமே. ஆனால் 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் புதிய கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமாகியுள்ளது. சக்கரம் இறுகி வழுக்காதவாறு அதுவே நொடிக்குப் பலமுறை விட்டுவிட்டுப் பிடிக்கிறது. அவ்வண்டியில், ஆபத்து வேளையில் முழு வலுவோடு மிதித்து, காலை எடுக்காதிருப்பதே முறை. பெடல் துடிக்கும், அஞ்ச வேண்டா. தந்தை மகளுக்கோ மகனுக்கோ ஓட்டக் கற்பிக்கும் இல்லங்களில் இது குறித்துச் சிறு வாதம் எழக்கூடும்! ஏ.பி.எஸ். இருப்பதனால் தேய்ந்த பேடு புதிதாகிவிடாது என்பதையும் அங்கேயே பேசிக்கொள்ளலாம்.

ஐயமுள்ளோர் நாடகம் முடிந்ததும் வாயிலருகே நம்மைக் காணலாம். வண்டியையும் கொண்டு வரலாம்.