மைகாட்டில் நூறு வெள்ளி, தட்டில் என்ன?



நான் மருத்துவர் அல்ல, தாதியும் அல்ல. அரசாங்க அறிவிப்புகளை மலாயிலிருந்து தமிழுக்கு மாற்றிக் கொடுப்பது என் வேலை. "உப்பையும் சீனியையும் குறையுங்கள்" என்று சொல்லும் தாள் என் மேசைக்கு வரும். "சாரா உதவியில் என்னென்ன பொருள் வாங்கலாம்" என்று சொல்லும் தாளும் வரும். இரண்டும் வெவ்வேறு அலுவலகங்களிலிருந்து வந்தாலும், கடைசியில் போய்ச் சேர்வது உங்கள் சமையலறைக்குத்தான். அந்த இரண்டு தாள்களையும் சேர்த்துப் படித்தால் என்ன தெரிகிறது என்பதைப் பேசவே இன்று கமுந்திங்குக்கு வந்திருக்கிறேன்.

முதலில் உதவியைப் பற்றிச் சொல்கிறேன். ரஹ்மா அடிப்படை உதவியைத்தான் சுருக்கமாக 'சாரா' என்கிறோம். 2025-இல் 18 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு மலேசியரின் மைகாட்டிலும் 100 வெள்ளி சேர்க்கப்பட்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 முதல் டிசம்பர் 31 வரை அதைப் பயன்படுத்த முடிந்தது. எஸ்.டி.ஆர் உதவி பெறுவோரில் தகுதியுள்ளவர்களுக்கு மாதந்தோறும் ஒரு தொகையும் தனியாக வருகிறது. இந்தப் பணத்தை ரொக்கமாக எடுக்க முடியாது. பதிவு செய்த கடைகளில், குறிப்பிட்ட வகைப் பொருள்களை வாங்கலாம். பணம் கட்டும் இடத்தில் மைகாட்டைக் காட்டினால் போதும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்கித் தீர்க்க வேண்டியதில்லை.

அரிசி, முட்டை, ரொட்டி, மாவு, சமையல் எண்ணெய், பிஸ்கட், டின் உணவு, உடனடி மீ, மருந்து, சவர்க்காரம் போன்றவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. முட்டைக்கும் இடம் உண்டு, உடனடி மீக்கும் இடம் உண்டு. கடையிலுள்ள இயந்திரம் இரண்டையும் ஒரே மாதிரிதான் கழிக்கும். உங்கள் உடம்பு அப்படிக் கணக்குப் பார்க்காது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு 'அளந்து கொடுத்த அரிசி' என்ற பேச்சு புதிதல்ல. அரிசியைப் பற்றி இந்த நாட்டிலேயே நடந்த ஒரு சம்பவம் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் பெரிபெரி நோய் பலரைக் கொன்றது. கால் வீங்கும், மரத்துப் போகும், பிறகு இதயம் நின்றுவிடும். 1905-ஆம் ஆண்டு கோலாலம்பூர் மனநோயாளர் இல்லத்தில் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் ஒரு சோதனை செய்தார். ஒரு பகுதியினருக்குத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி, இன்னொரு பகுதியினருக்குப் புழுங்கல் அரிசி. பச்சரிசி உண்ட 120 பேரில் பலருக்குப் பெரிபெரி வந்தது, 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்டவர்களில் ஒருவர்கூட அந்த நோயால் இறக்கவில்லை. தவிட்டில் உள்ள சத்து, நெல்லை வேகவைக்கும்போது அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னர்தான் விளங்கியது. இரண்டு பகுதியினருக்கும் வயிறு நிறைந்தது. உயிரைக் காத்தது அரிசியின் அளவல்ல, அரிசியின் வகை.

இன்று நம்மிடையே பெரிபெரி இல்லை. அந்த இடத்தில் இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு, கொழுப்பு ஆகியவை இருக்கின்றன. 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்புநீர் உள்ளது. இந்தியர்களிடையே அது மற்றவர்களைவிட அதிகம். அதே ஆய்வின்படி, நூறு பேரில் 95 பேர் போதுமான காய்கறியும் பழமும் சாப்பிடுவதில்லை.

என் பாட்டியும் அந்தக் கணக்கில் ஒருவர். பால்மரம் வெட்டியவர். தாத்தா போன பிறகு தனியாக இருந்தார். கிளினிக்குக்கு நான்தான் துணைக்குப் போவேன். "இனிப்பு சாப்பிடுகிறீர்களா?" என்று டாக்டர் மலாயில் கேட்பார். "இனிப்பைத் தொடுறதே இல்ல" என்று பாட்டி சொல்வார். நான் அதை அப்படியே மொழிபெயர்ப்பேன். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் "ஒருத்திக்கு எதுக்கு அடுப்பு மூட்டணும்" என்று, இரவில் தீம்பால் ஊற்றிய கோப்பியில் நாலு பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். அது அவருக்கு இனிப்பாகவே தெரியவில்லை. "ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று நானும் ஒருநாளும் கேட்கவில்லை. காலில் வந்த புண் ஆறாமல் இரண்டு விரல்களை எடுத்த பிறகுதான் கேட்டேன்.

ஆகவே, கடைக்குப் போகும்முன் உங்கள் தட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' இதுதான். தட்டில் கால் பங்கு சோறு அல்லது ரொட்டி. கால் பங்கு மீன், முட்டை, கோழி, பருப்பு அல்லது தௌஃபூ. மீதி அரைத் தட்டு காய்கறியும் பழமும்.

சாரா பணத்தில் முதலில் முட்டை வாங்குங்கள். அடுத்து டின் சார்டின். அதன் சாற்றை வடித்துவிட்டு வெங்காயமும் தக்காளியும் போட்டுச் சமைத்தால் உப்பு குறையும். பிறகு அரிசி, எண்ணெய், முழு கோதுமை ரொட்டி. இவற்றை மைகாட்டில் வாங்கினால், அவற்றுக்காக வைத்திருந்த ரொக்கம் கையில் மிஞ்சும். அந்த ரொக்கத்தை அப்படியே சந்தைக்குக் கொண்டுபோங்கள். கங்கோங், சாவி, பசளி, வெண்டைக்காய் வாங்குங்கள். பக்கத்து வீட்டில் முருங்கை மரம் இருந்தால் ஒரு கொத்து கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள். அரைத் தட்டை நிரப்பப் போவது இந்த மிச்சப் பணம்தான்.

உடனடி மீயை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு நாளுக்கு உப்பு ஒரு தேக்கரண்டிதான் அளவு. ஒரு பொட்டலம் மீயிலேயே அதில் பெரும் பங்கு போய்விடும். எப்போதாவது சமைத்தால் தூளைப் பாதி போடுங்கள். ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, ஒரு கைப்பிடி கீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மகனோடோ பேரனோடோ கடைக்குப் போனால், வண்டியில் எதைப் போடுவது என்று நீங்களே சொல்லுங்கள். மைகாட்டில் இருப்பது உங்கள் பெயர்.

இரண்டு எச்சரிக்கைகள். இனிப்புநீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் சோற்றைக் குறைப்பதாக நினைத்துக்கொண்டு சாப்பாட்டையே விட்டுவிடாதீர்கள். சீனி அளவு திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முட்டை, மீன், பருப்பு எவ்வளவு சாப்பிடலாம் என்று டாக்டரிடம் கேட்ட பிறகே மாற்றுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, முந்தின நாள் காலையில் பசியாறியதிலிருந்து இரவு படுக்கும்வரை என்ன சாப்பிட்டீர்கள், என்ன குடித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எழுத வராவிட்டால் பேரப்பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். கோப்பியில் ஊற்றிய தீம்பாலையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள்.

தனியாக இருந்தாலும் அடுப்பை மூட்டுங்கள். ஒருவருக்கான சமையலும் சமையல்தான்.